விலை மாறாத தட்டில் மாறுவது என்ன? வட்டி, பணவீக்கம், சென்னைச் சாப்பாடு

இட்லி மாவுக்கு நாலு பங்கு அரிசி என்றால் ஒரு பங்கு உளுந்து. வீட்டுக்கு வீடு, அரிசிக்கு அரிசி கொஞ்சம் கூடும், குறையும். கணக்கு இதைச் சுற்றித்தான். உளுந்து விலை ஏறும்போது, மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. பாக்கெட் விலையை ஏற்றலாம். அல்லது விலையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பங்கு உளுந்துக்கு ஆறு பங்கு, எட்டுப் பங்கு அரிசி என்று இழுக்கலாம். ஒரே தெருவில் நாலு பேர் மாவு விற்கும் சென்னையில் முதலில் விலை ஏற்றுபவர் வாடிக்கையை இழப்பார். அதனால் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

இதில் போவது என்ன? 100 கிராம் உளுந்தில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் 7 முதல் 8 கிராம். நாலுக்கு ஒன்று கலவையில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 11 கிராம் புரதம் வரும். எட்டுக்கு ஒன்றில் 9 கிராம் சொச்சம். ஒன்றரை கிராம்தானே என்று தோன்றலாம். ஆனால் அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டுவதே உளுந்துதான். அது பாதியானால் புரதத்தின் அளவோடு தரமும் இறங்குகிறது. அடுத்த சிக்கல் பொங்குவதில். மாவு புளிக்கும்போது உண்டாகும் வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. உளுந்து குறைந்தால் மாவு பொங்காது, பொங்காத மாவுக்குச் சமையல் சோடா போடுவார்கள். சோடாவின் காரத்தன்மையும் சூடும் சேர்ந்து தயமின் என்கிற பி1 வைட்டமினைச் சிதைக்கும். ஒரு தேக்கரண்டி சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம். அந்த ஒரு கரண்டி ஒரு பாத்திர மாவுக்கு, ஓர் இட்லிக்கு அல்ல. ஆனாலும் சாம்பார், சட்னி, ஊறுகாய் உப்போடு சேரும்போது, ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்த மாற்றம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. நுகர்வோர் விலைக் குறியீட்டுக்காகக் கடை கடையாகப் போகிறவர்கள் பொருளின் விலையைக் கேட்பார்கள்; மாவுக்குள் உளுந்து எவ்வளவு என்று கேட்க அவர்களுக்கு வழியில்லை. இட்லி விலை ஏறவில்லை, இட்லிதான் இறங்கிவிட்டது. பணவீக்கம் பற்றிய பேச்சில் நமக்கு விட்டுப்போவது இந்தப் பகுதிதான். விலையாகத் தெரியாத ஏற்றம் உணவின் தரத்தில் கழிகிறது, சில வருடங்கள் கழித்து ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தலைகாட்டுகிறது.

ரெப்போவும் உலைமூடியும்

2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும், மேலே 6-ஐயும் கீழே 2-ஐயும் தாண்டக் கூடாது என்று இலக்கு வைத்தார்கள். ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு கூடி ரெப்போ வட்டியை முடிவு செய்கிறது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனுக்கான வட்டி அது. கொரோனா காலத்தில், 2020 மே மாதம் 4 சதவீதத்துக்கு இறக்கினார்கள். 2022 மே மாதம் ஏற்றத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-க்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வருடம் அங்கேயே நின்றது. 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, அந்த டிசம்பரில் 5.25-க்கு வந்தது.

இந்த வட்டியால் மழையைக் கொண்டுவர முடியாது, ஆந்திராவின் மதனப்பள்ளித் தக்காளியில் வரும் நோயைத் தடுக்கவும் முடியாது. 2023 ஜூலையில் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம், உணவுப் பணவீக்கம் மட்டும் 11.51 சதவீதம். கோயம்பேட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அப்போது ரெப்போ 6.5-ல்தான் இருந்தது. தக்காளி விலை இறங்கக் காரணம் அடுத்த அறுவடை.

2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீத எடை இருந்தது. கிட்டத்தட்ட பாதி. அதனால்தான், உணவை விட்டுவிட்டு மற்ற பொருட்களின் பணவீக்கத்துக்கு மட்டும் இலக்கு வைத்தால் என்ன என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை கேட்டது. கேள்வியில் நியாயம் இருக்கிறது: வட்டியால் அடக்க முடியாததற்கு வட்டியை ஏன் பொறுப்பாக்க வேண்டும்? ஆனாலும் அந்த வழி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இன்றைக்கு உணவு விலை ஏறினால் பதில் சொல்லச் சட்டப்படி ஒரு நிறுவனமாவது இருக்கிறது. 2022-ல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்தைத் தாண்டியதால் ரிசர்வ் வங்கி அரசுக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது. உணவை வெளியே எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட ஆள் இருக்காது.

வட்டி உண்மையில் எந்த வழியாகத் தட்டுக்கு வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சில ஊகங்கள் உடையும். ஒரு மொத்த வியாபாரி 10 லட்சம் ரூபாய்க்கு அரிசி வாங்கி 60 நாள் கிடங்கில் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். வட்டி 2.5 சதவீதப் புள்ளி ஏறினால் அவருக்குக் கூடுதல் செலவு சுமார் 4,110 ரூபாய். கிலோ 50 ரூபாய் என்றால் அது 20 டன் அரிசி. ஆக, கிலோவுக்கு 20 காசு. ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றியதால் அரிசி விலை ஏறிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் இந்த 20 காசைக் காட்டலாம்.

பெரிய அடி இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று ரூபாயின் மதிப்பு. அதை எண்ணெயோடு சேர்த்துப் பார்ப்போம். இன்னொன்று மாதத் தவணை. 20 வருடத்துக்கு 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கியவருக்கு 7 சதவீத வட்டியில் தவணை 23,259 ரூபாய். 9.5 சதவீதம் ஆனால் 27,964. மாதம் 4,700 ரூபாய் கூடுதல். பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டும். அப்போது அடி இன்றைக்கு விழாமல் ஓய்வுக் காலத்தில் விழும். தவணையை ஏற்றிக் கட்டும் வீட்டில் அந்த 4,700 எங்கிருந்து வரும்? ஸ்கூல் ஃபீஸ் குறையாது, கரண்ட் பில் குறையாது. கையை வைத்தால் வளைந்து கொடுப்பது மளிகைச் சீட்டு மட்டும்தான். பாதாம், முந்திரி முதலில் போகும், அது பரவாயில்லை. அடுத்து பழம், பிறகு மீன், பிறகு பருப்பின் அளவு.

தண்டல் வட்டிக்கு ரெப்போ தெரியாது

ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து பொடிநடையாகப் போனால் பிராட்வே, பூக்கடை. அங்கே பஜ்ஜி போடும், இட்லி அவிக்கும் தள்ளுவண்டிகளுக்குப் பணம் தண்டலில் வருகிறது. பரவலாக இருக்கும் கணக்கு இது: 10,000 ரூபாய்க் கடன், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாளில் கட்ட வேண்டும். 10,000-க்கு 1,500, ஆகவே 15 சதவீதம் என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். ரெப்போ 4 ஆக இருந்தபோதும் இதுதான், 6.5 ஆனபோதும் இதுதான். பணக் கொள்கைக் குழு வட்டியை ஏற்றினாலும் இறக்கினாலும் சென்னையின் மலிவுச் சாப்பாட்டில் பெரும்பங்கு சமைக்கப்படும் இடத்துக்கு அது போய்ச் சேருவதில்லை.

இதற்கும் உணவின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரவு கடை கட்டும்போது சட்டியில் இரண்டு லிட்டர் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. லிட்டர் 140 ரூபாய் என்று வைத்தால் 280 ரூபாய். அதைக் கொட்டினால், மூன்று நாள் தண்டலைக் கொட்டியதற்குச் சமம். நாளைக்குக் காலையில் அந்த எண்ணெய் மறுபடி அடுப்பில் ஏறும். இதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. கையில் ஒரு வாரத்துக்கான பணம் சேர்த்து இருந்தால் பழைய எண்ணெயைக் கொட்டும் கடைக்காரர்கள் நிறைய பேர் உண்டு.

தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் வந்த ஸ்வநிதி திட்டத்தில் முதலில் 10,000, அதைக் கட்டினால் 20,000, பிறகு 50,000 கடன். 2025-ல் முதல் இரண்டு தொகைகளை 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். தண்டலோடு ஒப்பிட இதற்கு ஈடே இல்லை. ஆனாலும் தண்டல் ஏன் போகவில்லை? தண்டல்காரர் சாயங்காலம் வண்டிக்கே வந்து நூறு ரூபாயை வாங்கிக்கொள்வார். வங்கித் தவணை மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பிடிக்கும். தினக் காசில் வாழ்கிறவர் கையில் அந்தத் தேதியில் மொத்தப் பணம் இருக்காது. தவணை தவறினால் மானியம் போகும், அடுத்த கடனும் தள்ளிப்போகும். வங்கித் தவணையைத் தினசரிப் பிடித்தமாக மாற்றுவது இன்றைய யூபிஐ காலத்தில் கடினமான வேலை அல்ல. அது நடந்தால் பிராட்வே பஜ்ஜிச் சட்டிக்கு, ரெப்போவில் கால் சதவீதம் குறைப்பதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

எண்ணெய்ச் சட்டி

இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு ரஷ்யா, உக்ரைனிலிருந்து. விலை பேசுவது டாலரில். ஒரு டன் 1,100 டாலர் என்றே வைத்துக்கொள்வோம், ஏறவே வேண்டாம். டாலர் 74 ரூபாயாக இருந்தால் கிலோ 81 ரூபாய். 83 ஆனால் 91. 90 ஆனால் 99. 2022 தொடக்கத்தில் 74-ஐ ஒட்டி இருந்த டாலர் அந்த ஆண்டு இறுதிக்குள் 83-ஐத் தொட்டது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. வட்டிக்கு இங்கேதான் உண்மையான வேலை. அமெரிக்காவில் வட்டி ஏறும்போது நாம் சும்மா இருந்தால் டாலர் வெளியே போகும், ரூபாய் இன்னும் சரியும், வடை போடும் எண்ணெய் இன்னும் ஏறும். 2022-ல் வட்டியை ஏற்றியதற்கு இந்தக் காரணமும் உண்டு, அது நியாயமானதே.

இதன்மேல் ஏற்றுமதித் தடையும் சுங்க வரியும் வேறு. 2022 ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி மே 23-ல் திறந்தது. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கான மொத்த இறக்குமதி வரியை இந்திய அரசு 5.5 சதவீதத்திலிருந்து 27.5-க்கு ஏற்றியது, 2025 மே இறுதியில் 16.5-க்கு இறக்கியது. எண்ணெய் வித்து விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏற்றிய வரி அது. ஆனால் அந்த மாதங்களில் பஜ்ஜிச் சட்டிகளைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்று எந்தத் துறையும் இதோடு சேர்த்து யோசிப்பதில்லை.

திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் நடப்பது என்ன? மாவிலிருந்து வரும் ஈரம் கொழுப்பைப் பிளந்து கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது. அதனால் எண்ணெய் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். காற்று ஆக்சிஜனேற்றத்தை நடத்துகிறது. எண்ணெய் தடித்துக்கொண்டே போகும். இப்படி உண்டாகும் பொருட்களை மொத்த முனைவுச் சேர்மங்கள் என்று அளக்கிறார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் அடைப்பு, கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றோடு இதற்குள்ள தொடர்பைச் சொல்லியே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பை வைத்தது.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தவறும். மிளகாய்த்தூளும் கடலைமாவும் நல்ல எண்ணெயையும் கருக்கிவிடும். பார்க்க வேண்டியது நுரை. பஜ்ஜியை எடுத்த பிறகும் சின்னச் சின்னக் குமிழாக நுரை அடங்காமல் நின்றால், கரண்டியிலிருந்து எண்ணெய் கெட்டியாக இழுத்துக்கொண்டு வடிந்தால், வழக்கமான சூட்டிலேயே புகை வந்தால் அந்த எண்ணெயின் காலம் முடிந்துவிட்டது. கடைகளில் அதிகம் நடக்கும் தவறு, குறைந்த அளவுக்குப் புது எண்ணெயை மேலே ஊற்றுவது. பழையதில் இருக்கும் சிதைவுப் பொருட்கள் புதியதையும் வேகமாகக் கெடுக்கும். ஆக இரண்டும் வீண். சட்டிக்கு நேர் மேலே உப்புத் தூவுவது, அடியில் கருகிய மாவுத்துகளை அரிக்காமல் விடுவது, தேய்க்காத இரும்புச் சட்டியில் இரவு முழுக்க எண்ணெயைத் திறந்து வைப்பது ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். சூடு 180 டிகிரியைத் தாண்டாமல், கடை முடிந்ததும் ஆறவிட்டுத் துணியில் வடிகட்டி, மூடி வைத்தால் அதே எண்ணெய் கெடுவது தள்ளிப்போகும். இதற்குக் காசு எதுவும் ஆகாது.

நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும், கழிவெண்ணெயை அனுமதி பெற்றவர்களிடம் பயோடீசலுக்குக் கொடுக்க வேண்டும். ரூகோ என்ற பெயரில் 2018-ல் தொடங்கிய ஏற்பாடு இது. ஓட்டை எங்கே இருக்கிறது? தள்ளுவண்டி 50 லிட்டரைத் தொடாது. புது எண்ணெய் விலை ஏற ஏற, பெரிய சமையற்கூடத்தின் பழைய எண்ணெய்க்கு மலிவுச் சந்தையில் கிராக்கி கூடுகிறது. பயோடீசல்காரர் தரும் விலையைவிடத் தெருவில் கூடுதல் விலை கிடைத்தால் எண்ணெய் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

செலவைக் குறைக்க மலிவான எண்ணெய்க்கு மாறுவது கடைக்காரருக்கு இன்னொரு வழி. கடலை எண்ணெயில் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) 20 சதவீதத்துக்குள். பாமாயிலில் 40-க்கு மேல். 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை கடுமையாக ஏறியபோது கலப்படப் பேச்சும் கூடவே வந்தது. ஃபிரிட்ஜில் வைத்தால் தேங்காய் எண்ணெய் உறையும், கலந்த எண்ணெய் தனியாக நிற்கும் என்று ஒரு வீட்டுச் சோதனை உண்டு. சூரியகாந்தி எண்ணெய் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். பனங்கொட்டை எண்ணெய் கலந்திருந்தால் காட்டாது, ஏனென்றால் அதுவும் ஃபிரிட்ஜில் உறைந்துவிடும். அதைப் பிரித்தறிய ஆய்வகம்தான் வேண்டும்.

விலை நெருக்கடியிலும் சட்டம் நின்று காட்டிய இடமும் உண்டு. டிரான்ஸ் கொழுப்புக்கான வரம்பு 2021-ல் 3 சதவீதம், 2022-ல் 2 சதவீதம் என்று இறங்கியது. எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த அதே காலம் அது. தயாரிக்கும் இடத்திலேயே பிடித்ததால் பலன் கிடைத்தது. ஆயிரம் சட்டிகளைத் துரத்துவதைவிடச் சில பத்து ஆலைகளைக் கண்காணிப்பது எளிது.

கேஸும் கார்பைடும்

கடைகள் வாங்கும் 19 கிலோ கேஸ் சிலிண்டரின் விலை மாதத்தின் முதல் தேதியில் மாறும். அது ஏறும்போது முதலில் நிற்பது சாம்பாரையும் சாதத்தையும் சூடாக வைத்திருக்கும் சிறு தீ. சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 5-க்கும் 60-க்கும் நடுவே கிருமி பெருகும். சோற்றில் வரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலை பத்து மணிக்கு வடித்த சோறு மாலைவரை அண்டாவில் கிடந்து, வாங்க வருபவருக்காக மேலாகக் கிளறிச் சூடாக்கப்பட்டால் பாதுகாப்பு வந்துவிடாது. சென்னையின் மே மாத வெயிலில் இதற்கு நாலைந்து மணி நேரமே போதும்.

மாம்பழத்திலும் வட்டிதான் பேசுகிறது. எத்திலீன் அறையில் முறையாகப் பழுக்க வைக்க நான்கைந்து நாள் ஆகும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்குவரை எத்திலீனுக்கு அனுமதி உண்டு. கால்சியம் கார்பைடு கல்லில் ஒன்றிரண்டு நாளில் தோல் மஞ்சளாகிவிடும். கந்துவட்டிக்கு வாங்கிச் சரக்கு எடுத்தவருக்கு மூன்று நாள் என்பது காசு. கார்பைடிலிருந்து வரும் அசிட்டிலீனோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்களும் வரும், அதனால்தான் தடை. கோயம்பேட்டில் கோடைதோறும் கூடை கூடையாகப் பிடித்து அழிக்கிறார்கள். பொது எத்திலீன் அறையில் குறைந்த வாடகைக்கு இடம் கிடைத்தால் பிடிக்க வேண்டியதே குறையும்.

ரேஷன் காப்பது எது, காக்காதது எது

தமிழ்நாட்டின் பொது விநியோகம் எல்லோருக்குமானது, அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் சிறப்புத் திட்டத்தில் வருகின்றன: பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச் சந்தையில் என்ன நடந்தாலும் இந்த விலைகள் நகரவில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரித் தட்டுக்குச் சொல்வது: தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி, பழம் 100 கிராம். நாலு பேர் குடும்பத்தில் நால்வரையும் பெரியவர்களாகவே கொண்டால், மாதத்துக்குத் தானியம் 30 கிலோ, பருப்பு 10 கிலோ, காய்கறி 48 கிலோ, பால் 36 லிட்டர். ரேஷனில் கிடைப்பது 20 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு. தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு பணவீக்கத்திலிருந்து காப்பாற்றப்படுகிறது. பருப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டும். காய், பால், முட்டை, மீன் எல்லாம் சந்தையின் கையில். ஆகவே விலை ஏறும் ஒவ்வொரு முறையும் தட்டு ஒரே திசையில்தான் சாய்கிறது: சோறு குறையாது, மற்றவை குறையும். பசி தெரியாது, சத்துக் குறைவது மட்டும் நடக்கும்.

பாலில் இந்த இறக்கம் அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் லிட்டர் 48-லிருந்து 60 ரூபாய் ஆனபோது பலர் நீலப் பாக்கெட்டுக்கு மாறினார்கள். ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. கொழுப்பு அல்லாத திடப்பொருள் 9-லிருந்து 8.5-க்கு மட்டுமே இறங்குகிறது. புரதமும் கால்சியமும் அதில்தான் இருக்கின்றன. பெரியவர்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் கொழுப்பைக் குறைக்கக் கூடாது. நீலப் பாக்கெட்டிலும் பாதி தண்ணீர் ஊற்றும்போதுதான் உண்மையான நட்டம்.

சீட்டில் வரும் எண்கள்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். அதே ஆய்வில் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. முந்தைய ஆய்வில் அது 30.9. ஒரே மாநிலத்தில், பல வீடுகளில் ஒரே உடம்பில், இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வில் தமிழ்நாட்டின் சர்க்கரை நோய் அளவு 14.4 சதவீதம், நாட்டின் சராசரி 11.4. சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வு, இங்குள்ளவர்களின் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவதைக் காட்டியது.

விலைவாசிதான் இதற்கெல்லாம் காரணம் என்று சொன்னால் தவறு. உட்கார்ந்த வேலை, மரபு, தூக்கம் எல்லாம் உண்டு. ஆனால் கலோரி மலிவாகவும் சத்து விலையுயர்ந்ததாகவும் இருக்கும் ஊரில் பணவீக்கம் எந்தப் பக்கம் தள்ளும் என்பதில் சந்தேகமில்லை. தள்ளியது திரும்பி வருவதும் இல்லை. 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம். சரியாக ஒரு வருடம் கழித்து அது மைனஸ் 5.02; மொத்தப் பணவீக்கமே 0.25 சதவீதம்தான். காகிதத்தில் பெரிய வெற்றி. ஆனால் எட்டுக்கு ஒன்று மாவுக்குப் பழகிய கடை நாலுக்கு ஒன்றுக்குத் திரும்பியதா? பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் குறைந்த கிராம் மறுபடி ஏறியதா? குறைத்த அளவே புது வழக்கமாகிவிடுகிறது. 2021-ல் அறிவித்த திருத்தம், பாக்கெட்டுகளுக்கு இருந்த நிர்ணயிக்கப்பட்ட எடைகளை எடுத்துவிட்டு, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ விலையை அச்சிடச் சொல்கிறது. விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பாக்கெட்டைப் பார்க்காமல் அந்த எண்ணை ஒப்பிட்டு வாங்குவது ஒன்றே அங்கே நமக்கிருக்கும் கருவி.

அரசு செய்யக்கூடியதில் முதலில் வர வேண்டியது ரேஷன் பருப்பின் அளவு. 20 கிலோ அரிசியில் ஒரு பகுதியை வேண்டாம் என்பவர்களுக்கு அதற்கு ஈடாக இன்னும் இரண்டு கிலோ பருப்போ பயறோ கொடுத்தால், பணவீக்கம் தாக்கும் இடத்திலேயே கவசம் கிடைக்கும். அடுத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மாதிரி எடுக்கும் நாட்காட்டி. பண்டிகைக்கு இனிப்புக் கடையைச் சோதிப்பதைப் போல, எண்ணெய் வரி ஏறிய மாதத்தில் எண்ணெய்ச் சட்டியையும், பருப்பு விலை ஏறிய மாதத்தில் பருப்பின் மஞ்சள் சாயத்தையும் சோதிக்கலாம். எந்த மாதம் எது ஏறும் என்பது முன்கூட்டியே தெரிகிற செய்திதான்.

வீட்டில் செலவைக் குறைத்தே ஆக வேண்டிய மாதத்தில் வெட்டும் வரிசை முக்கியம். முதலில் எண்ணெயும் சர்க்கரையும்; ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் கொழுப்பு போதும், அதற்கு மேல் வாங்குவது எல்லாம் வெட்டக்கூடியது. பிறகு பாக்கெட் நொறுக்குத்தீனி. துவரை ஏறினால் பாசிப்பயறு, காராமணி, கொள்ளு என்று மாற்றலாம். புரதத்தில் இவை துவரைக்குக் குறைந்தவை அல்ல. 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் புரதம் இருக்கிறது. வஞ்சிரம் விற்கும் விலையில் சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையில் மத்தியும் நெத்திலியும் பல மடங்கு கிடைக்கும்; நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் சேரும். முட்டையைக் கடைசிவரை வெட்டக் கூடாது. முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் தட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்வதும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபியைத் தள்ளி வைப்பதும் அந்தக் கீரையிலிருந்து உடம்பில் சேரும் இரும்புச்சத்தைக் கூட்டும்.